தோட்டத்து வாசலில் நின்ற குழாய்

நம் ஆலயத்தின் பின்புறம், மடைப்பள்ளிச் சுவரை ஒட்டி, செங்கற் சுற்றுக்கட்டுடன் ஒரு கிணறு இருப்பதை அன்பர்கள் பலர் அறிவர். திருப்பணி தொடங்கியபோது, வாகனங்கள் நிறுத்த இடம் போதாமையால் அக்கிணற்றை மண் கொட்டி மூடிவிடலாம் என்றொரு யோசனை நிர்வாகக் கூட்டத்தில் எழுந்தது. மூத்தோர் இருவர் அதற்கு இணங்கவில்லை. நெடுநேர விவாதத்திற்குப் பின், இரும்புக் கம்பி வலையிட்டுக் கிணற்றைக் காப்பது என முடிவாயிற்று. கூட்டம் கலைந்தபோது இளைஞர் ஒருவர் என்னை அணுகி, "அண்ணே, கோவிலுக்குத்தான் ஆயர் சிலாங்கூர் தண்ணீர் வருகிறதே, இந்தக் கிணற்றின்மேல் பெரியவர்களுக்கு ஏன் இத்தனை பிடிவாதம்?" என்று கேட்டார். நின்ற நிலையில் அவருக்கு என்னால் பதில் கூற இயலவில்லை. மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோது அக்கேள்விதான் நினைவுக்கு வந்தது. இது அவருக்கு நான் கூறும் பதில். சற்று நீளமான பதில்.

திருவள்ளுவர் கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்தார். சேக்கிழார் பெருமான் போற்றும் அடியார்களுள் திங்களூர் அப்பூதியடிகள், தாம் நேரிற் கண்டிராத திருநாவுக்கரசர் பெயரால் தண்ணீர்ப் பந்தல் வைத்தவர். தண்டியடிகளோ கண்பார்வையற்றவர், கயிற்றைப் பற்றிக்கொண்டே திருவாரூர்த் திருக்குளத்தைத் தோண்டியவர். ஆகவே, தண்ணீரைப் பற்றி ஆலய மலரில் எழுதுவதற்கு நான் தயங்கவில்லை.

நீரை வெளியேற்றிய காலம்

கிள்ளான் பள்ளத்தாக்கு நீர்வளம் குன்றிய பூமி அன்று. கோம்பாக் ஆறும் கிள்ளான் ஆறும் கூடுகின்ற சேற்று முகத்தில்தான் கோலாலம்பூர் பிறந்தது. 1857-ஆம் ஆண்டு ஈயம் தேடி அவ்விடத்தில் கரையேறியவர்களுள் பெரும்பாலோரைக் காய்ச்சல் கொண்டுபோனது. ஆண்டு முழுவதும் மழை பெய்யும் நிலத்தில் தண்ணீருக்கு ஏது குறை? குறை தண்ணீரில் இல்லை. நல்ல தண்ணீரில் இருந்தது.

வேடிக்கை என்னவென்றால், இப்பகுதியில் மக்களின் உயிர் காக்க அரசாங்கம் முதன்முதலில் செய்த பெரும்பணி தண்ணீரைக் கொண்டுவந்ததன்று, வெளியேற்றியது. 1901 செப்டம்பரில் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம், அதாவது இன்றைய போர்ட் கிள்ளான், திறக்கப்பட்டது. திறந்த சில வாரங்களிலேயே தொழிலாளர் கூட்டங்கூட்டமாகக் காய்ச்சலில் வீழ்ந்தனர். துறைமுகத்தையே மூடிவிடலாமா என்னும் பேச்சும் எழுந்தது. அதே ஆண்டின் தொடக்கத்தில் கிள்ளானுக்கு அரசாங்க மருத்துவராக வந்து சேர்ந்திருந்தவர் மால்கம் வாட்சன். கொசுவே மலேரியாவைப் பரப்புகிறது என்பதை ரொனால்டு ராஸ் இந்தியாவில், செகந்தராபாத்தில், 1897-இல்தான் கண்டறிந்திருந்தார். அக்கண்டுபிடிப்பை நம்பி, கிள்ளானிலும் துறைமுகத்திலும் சதுப்பைத் திருத்திக் காடு வெட்டி, தேங்கிய நீர் ஓடுவதற்கு வாய்க்கால்கள் வெட்டச் செய்தார் வாட்சன். நோய் விரைவாகத் தணிந்தது. பின்னர் அவர் தோட்டங்களின் பக்கம் திரும்பினார். சமவெளித் தோட்டங்களில் நோய் பரப்பும் கொசு வேறு, குன்றுப் பகுதி ஓடைகளில் வாழும் கொசு வேறு என்பதையும், ஓரிடத்தில் பலன் தந்த முறை மற்றோரிடத்தில் கேடு விளைவிக்கும் என்பதையும் அவர் கண்டு எழுதினார். 1911-இல் வெளிவந்த அவருடைய நூல் உலகெங்கும் வாசிக்கப்பட்டது.

அந்த வாய்க்கால்களை வெட்டிய கைகளைப் பற்றி நூல்கள் அதிகம் பேசுவதில்லை. பொதுப்பணி இலாகாவிலும் இருப்புப்பாதையிலும் மண்வெட்டி பிடித்தவர்களுள் பெரும்பாலோர் தென்னாட்டுத் தமிழர். நாம் இன்றும் 'அல்லூர்' என்று சொல்கிறோமே, அந்த மலாய்ச் சொல் நம் நாவில் ஏறியதே அவ்வாய்க்கால்களைத் தோண்டியதனால்தான் என்று நான் நினைப்பதுண்டு.

ஆறும் கிணறும்

1907-இல் தமிழர் குடியேற்ற நிதி ஏற்பட்டது. அதன்பின் கங்காணிமார் வழியே ஆயிரமாயிரமாய் மக்கள் வந்தனர். இரப்பர் விலை ஏறியது. காப்பார், மேரு, கோல லங்காட் எங்கும் காடு அழிந்து பால்மரம் எழுந்தது. லயங்கள் கட்டப்பட்டன. தண்ணீருக்கு? பக்கத்தில் ஓடை இருந்தால் ஓடை, இல்லாவிடில் கிணறு. கடலோரத் தோட்டங்களில் நிலத்தடி நீர் உவர்த்தது. சதுப்பு மண்ணில் ஊறிய நீரோ தேயிலைச் சாயம்போல் பழுப்பேறியது. அங்கெல்லாம் கூரையில் வழியும் மழைநீரைத் தொட்டியில் பிடித்துக் குடித்தனர்.

அக்காலத் தோட்டங்களின் மரணக் கணக்கைப் படிக்கையில் மனம் பதறும். ஓராண்டில் ஆயிரம் பேருக்கு நூறு பேருக்கும் மேல் மாண்ட தோட்டங்கள் இருந்தன. மலேரியாதான் முதல் எமன். அதையடுத்து வயிற்றுக்கடுப்பு, பேதி, கொக்கிப்புழு. 1915 முதல் 1917 வரை அமெரிக்க ராக்பெல்லர் அறநிறுவனத்தின் ஆய்வுக் குழு மலாயாவுக்கு வந்து தோட்டத் தொழிலாளரின் கொக்கிப்புழு நோயை ஆராய்ந்தது. வெறுங்காலுடன் தீம்பாருக்குள் நடப்பவரின் பாதத்தின் வழியே புழு உடம்பில் ஏறுகிறது. ஒழுங்கான கழிப்பிடம் இன்றி எந்த மருந்தும் நிலைக்காது. கழிப்பிடம் கிணற்றுக்கு அருகே இருந்தால் குடிநீரும் கெடும். தண்ணீரும் கழிப்பிடமும் ஒரே சிக்கலின் இரண்டு முனைகள் என்பதை இன்று பள்ளிப் பிள்ளையும் அறியும். அன்று அது தோட்டத்துக்குத் தோட்டம், துரைக்குத் துரை, வேறுபட்டது.

சட்டம் இல்லாமல் இல்லை. 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத் தொகுப்பு, இருப்பிடமும் நல்ல குடிநீரும் சுகாதார வசதியும் அளிப்பது முதலாளியின் கடமை என விதித்தது. இந்திய அரசாங்கத்தின் முகவர் ஒருவர் கோலாலம்பூரில் இருந்தார். தோட்டங்களைச் சுற்றிப் பார்த்து ஆண்டுதோறும் அறிக்கை எழுதினார். நல்ல தோட்டங்களில் இயந்திரப் பம்பும் மேட்டில் நீர்த்தொட்டியும் வந்தன. மற்றவற்றில், 'நல்ல நீர்' என்றால் எது என்பதைத் தோட்ட நிர்வாகமே முடிவு செய்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். விட்டுவிட்டால் வரலாறு ஆகாது. கிணற்றங்கரையில் சாதி பார்த்த காலமும் நம் தோட்டங்களில் இருந்தது. இன்னார் இன்ன நேரத்தில்தான் இறைக்கலாம், இன்னாருக்கு ஊற்றத்தான் செய்வார்கள் என்றெல்லாம் இருந்ததாக என் பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறேன். ஊரிலிருந்து மூட்டை முடிச்சோடு அதையும் கட்டிக்கொண்டு வந்திருக்கிறோம். குழாயடி வந்தபோது அந்த வழக்கம் குழம்பிப்போனது. வரிசையில் முதலில் வாளி வைத்தவருக்கே முதல் தண்ணீர். பாட்டி இதைச் சொல்லும்போது சிரிப்பார்.

இதற்கிடையில் நகரம் வேறு வழியில் சென்றது. அம்பாங் மலையடிவாரத்து நீர் குழாய்வழி கோலாலம்பூருக்குள் வந்து அரசாங்க மனைகளுக்கும் கடைவீதிகளுக்கும் பாய்ந்தது. பிரிக்பீல்ட்சில் இருப்புப்பாதை, அரசாங்க ஊழியர்களுக்கான குடியிருப்புகள் எழுந்தன; 1915-இல் கட்டப்பட்ட 'நூறு குவார்ட்டர்ஸ்' அவற்றுள் பெயர்பெற்றது. பிரிக்பீல்ட்சில் குடியிருந்த தமிழனுக்குக் குழாய்நீர் கிடைத்தது. அவனுடைய தம்பி கிள்ளான் பக்கத்துத் தோட்டத்தில் ஓடைநீரை முகந்தான். ஒரே கப்பலில் வந்திருப்பார்கள். இருவருக்கும் இடையே இருந்தது இருபது, இருபத்தைந்து கட்டை தூரம்தான்.

அடுப்பைப் பார்த்த தண்ணீர்

1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். ஆர்.எச். நாதன் முதலியோர் முன்நின்ற அப்போராட்டத்தில் கூலி உயர்வு, முறையான மருத்துவ வசதி, கள்ளுக்கடை மூடல் ஆகியவற்றுடன், துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க மாட்டோம் என்பதும் ஒரு கோரிக்கை. படை வரவழைக்கப்பட்டது, உயிர்ப்பலியும் நேர்ந்தது. அவ்வாண்டு முடிவதற்குள் ஜப்பானியர் வந்துவிட்டனர்.

சயாம் மரண இரயிலைப் பற்றி நம் மக்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதையை அமைக்க மலாயாவிலிருந்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர் கொண்டுபோகப்பட்டனர். பெரும்பாலோர் தோட்டத் தமிழர். 1943-ஆம் ஆண்டு மழைக்காலத்தில் முகாம்களில் வாந்திபேதி பரவியது. போர்க் கைதிகளின் முகாம்களிலும் மரணம் இருந்தது. எனினும் அங்கே இராணுவ மருத்துவர்கள் இருந்தனர், கொதிக்க வைக்காத நீரைக் குடிக்கக் கூடாது என்னும் கட்டளை இருந்தது, அதை நிறைவேற்றும் ஒழுங்கும் இருந்தது. தமிழர் முகாம்களில் மருத்துவரும் இல்லை, கட்டளையிட ஆளும் இல்லை. பசியோடும் களைப்போடும் ஆற்று நீரை அப்படியே குடித்தவர்கள் கூட்டங்கூட்டமாக மாண்டனர். ஒரு பானையும் கொஞ்சம் விறகும் எத்தனை உயிரைக் காத்திருக்கும் என்று எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது.

என் பாட்டியின் அண்ணன் அப்படிப் போனவர், திரும்பவில்லை. அவரோடு போய்த் திரும்பிய ஒருவர், எதனால் இறந்தார் என்பதைப் பாட்டியிடம் சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து கொதிக்காத தண்ணீர் எங்கள் வீட்டில் யார் வாயிலும் படவில்லை. "அய்யா, அடுப்பைப் பார்க்காத தண்ணியைக் குடிக்காதேடா" என்பது நான் பேசக் கற்றதற்கு முன்பே கேட்ட வாசகமாக இருக்க வேண்டும். நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகும் பாட்டி அதைச் சொல்ல வேண்டியிருந்தது என்பதுதான் இக்கட்டுரையின் கரு.

வேலிக்கு அப்பால்

போர் முடிந்தது, 1948-இல் அவசரகாலம் வந்தது. 1950-இல் தீட்டப்பட்ட பிரிக்ஸ் திட்டத்தின்படி புதுக்கிராமங்கள் எழுந்தன. வேலியும் காவலும் கொடியவைதாம். ஆயினும் காலப்போக்கில் அக்கிராமங்களுக்குப் பொதுக் குழாய்களும் வந்தன. தோட்டங்களிலும் சிதறிக் கிடந்த லயங்கள் ஒன்றுசேர்க்கப்பட்டு முள்வேலியிடப்பட்டன. வேலி வந்தது, தண்ணீர் அந்தந்த நிர்வாகத்தின் மனம்போல் வந்தது.

நாடு விடுதலை பெற்றபின் பெரும்பணிகள் நடந்தன. 1958-இல் கிள்ளான் கேட்ஸ் அணை கட்டி முடிக்கப்பட்டது. 1959 முதல் பன்னிரண்டு ஆண்டுகள் பொதுப்பணி அமைச்சராக இருந்தவர் துன் வீ.தி. சம்பந்தன். துன் அப்துல் ரசாக்கின் தலைமையில் கிராமப்புற மேம்பாடு நாட்டின் முதற்பணியாயிற்று. ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு 'சிவப்புப் புத்தகம்'. அதில் எங்கே சாலை, எங்கே பாலம், எங்கே குடிநீர் என்று வரைபடத்தில் குறிக்கப்பட்டது. பின்னர் எழுபதுகளில் சுகாதார அமைச்சு, கம்பங்களில் மூடிய கிணறுகளும் மலையோடை நீரைக் குழாயில் இறக்கும் அமைப்புகளும் நீர்ப்பூட்டுக் கழிப்பிடங்களும் அமைத்தது. மருத்துவ வரலாற்றில் அது ஒரு பெருஞ்சாதனை என்றால் மிகையாகாது. பேதியாலும் குடற்காய்ச்சலாலும் மாண்டிருக்கக்கூடிய பல்லாயிரம் குழந்தைகள் பிழைத்தன.

அந்த வரைபடத்தில் தோட்டம் வெற்றிடமாக இருந்தது. காரணம் எளிது. தோட்டம் தனியார் நிலம். அரசாங்கப் பணத்தைத் தனியார் நிலத்தில் செலவிடலாகாது; அங்கே வாழ்வோருக்கு வசதி செய்வது முதலாளியின் பொறுப்பு. நானும் அரசாங்க ஊழியன். அந்த வாதத்தின் வலிமை எனக்கு விளங்காமல் இல்லை. இன்று என் மேசைக்கு அப்படியொரு கோப்பு வந்தாலும், கணக்காய்வாளர் என்ன கேட்பார் என்றுதான் முதலில் நினைப்பேன். ஆனால் தனியார் நிலத்தில் குடியிருந்தவன் தனியார் மனிதன் அல்லனே! மக்கள்தொகைக் கணக்கில் அவன் கிராமப்புறத்தான். வாக்குச் சாவடியில் குடிமகன். குடிநீர் என்று வந்தால் மட்டும் ஒரு நிறுவனத்தின் உடைமைக்குள் இருப்பவன்.

தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் 1954-இல் அமைந்தது; கூலியோடு வீட்டு வசதிக்கும் வாதாடியது. 1966-இல் தொழிலாளர் குடியிருப்புக் குறைந்தபட்சத் தரச் சட்டம் நிறைவேறியது. லயத்துக்குப் பதிலாகத் தனி வீடுகள் மெல்ல மெல்ல எழுந்தன. ஆயினும் அதே காலத்தில்தான் பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டுக் கைமாறின. நாளை யாருடையது என்று தெரியாத நிலத்தில் குழாய் புதைக்க எந்த முதலாளி முன்வருவார்?

நான் வளர்ந்தது கிள்ளானுக்கு அப்பால் ஒரு தோட்டத்தில். அதன் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. இம்மலரைக் கையில் வைத்திருப்போர் பலர் அங்கே வளர்ந்தவர்களே. எண்பதுகளில் எங்களுக்கும் குழாய் இருந்தது. ஆற்றிலிருந்து பம்பு நீரை மேட்டுத் தொட்டிக்கு ஏற்றும். அங்கே ஒருவர் படிகாரமும் பிளீச்சிங் பவுடரும் கலப்பார். படிகாரம் நீரிலுள்ள நுண்ணிய சேற்றைத் திரட்டி அடியில் இறக்கும். அதன்பின் மணற்படுகையில் வடிந்து, தெளிந்த நீரில் குளோரின் சேர்ந்தால் கிருமி சாகும். இதுதான் முறை. முறையாகச் செய்தால் ஆற்று நீரும் அமுதம்தான். ஆனால் மணற்படுகையை யாரும் மாற்றிய நினைவில்லை. கலங்கல் மிகுந்த நீரில் குளோரினின் வேகமும் குறைந்துவிடும். மழை பெய்த மறுநாள் குழாயில் வருவது நீரா சேறா என்று சொல்ல முடியாது. காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம். குழாய் வாயில் அம்மாமார் கந்தல் துணி கட்டியிருப்பார்கள். ஒரு வாரத்தில் அத்துணி செங்காவி நிறமாகிவிடும். எங்கள் வெள்ளைப் பள்ளிச் சட்டையும் அதே நிறம். தமிழ்ப்பள்ளியிலிருந்து போட்டிகளுக்குப் பட்டணத்துப் பள்ளிக்குப் போகும்போது, எங்களை ஆசிரியர் அறிமுகப்படுத்த வேண்டிய அவசியமே இருந்ததில்லை. சட்டை சொல்லிவிடும்.

இயந்திரம் பழுதானால் ஆலயக் கிணறுதான். அன்று நள்ளிரவிலிருந்தே வாளிகள் வரிசையில் நிற்கும். விடியும்முன் பிரட்டுக்குப் போக வேண்டுமே!

1988-ஆம் ஆண்டு, நான் மூன்றாம் ஆண்டில் படிக்கையில், எங்கள் வரிசையில் வயிற்றுப்போக்கு பரவியது. நான்கு வீடு தள்ளியிருந்த இரண்டு வயதுப் பெண் குழந்தை மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் வழியில் இறந்தது. டிரஸ்ஸர் ஒவ்வொரு வீடாக வந்து தண்ணீரைக் கொதிக்க வையுங்கள் என்றார். எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றதும், பாட்டி அடுப்பைக் காட்டினார், பேசவில்லை. ஒன்றரைக் கட்டை தூரத்தில், பெரிய சாலையோரம், அரசாங்கக் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. அதைப் புதைக்க எங்கள் தோட்டத்து ஆண்கள் சிலரும் குத்தகைக்காரரிடம் கூலிக்குப் போயிருந்தனர்.

அதன்பின் நடந்ததை நான் பெரியவனான பிறகே முழுமையாக அறிந்தேன். பால்வெட்டும் பெண்கள் பதினைந்து பேர் கூடி, தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவரை மலாய் மொழியில் மனு எழுதச் சொன்னார்கள். கையெழுத்துப் போடத் தெரிந்தவர் போட்டனர். மற்றவர் கட்டைவிரல் பதித்தனர். இறந்த குழந்தையின் தாயும் பதித்தார். ஒரு போத்தலில் குழாய்நீரை அடைத்து எடுத்துக்கொண்டு, ஒருநாள் கூலியை இழந்து, பேருந்தில் பட்டணம் போனார்கள். சங்கத்தின் கிளைத் தலைவரும் உடன் சென்றார். போத்தல் மேசைமேல் வைக்கப்பட்டது. அதற்குப்பின் எத்தனையோ கடிதங்கள், எத்தனையோ 'பரிசீலனையில் உள்ளது'கள். அவற்றை விவரித்தால் மலரின் பக்கம் போதாது.

பொதுக்குழாய் என்னும் சொல்

1990-ஆம் ஆண்டில் 446-ஆம் எண் சட்டம், தொழிலாளர் குடியிருப்பு மற்றும் வசதிகள் குறைந்தபட்சத் தரச் சட்டம், வந்தது. அதன் ஆறாம் பிரிவு, பொது நீர்க்குழாயிலிருந்து பெறப்படும் போதிய குழாய்நீரை இலவசமாக அளிப்பது முதலாளியின் கடமை என்கிறது. பொதுக்குழாய் எட்டாத இடத்தில் மட்டும் தொழிலாளர் இலாகாத் தலைமை இயக்குநரின் ஒப்புதலோடு மாற்று வழி செய்யலாம். அரசாங்க வேலைக்கு வந்தபின் அப்பிரிவை முதன்முறை படித்தபோது, 'பொது' என்ற அந்தச் சொல்லின்மீது என் விரல் நின்றுவிட்டது. 'நல்ல நீர்' என்பதற்கும் 'பொதுக்குழாய் நீர்' என்பதற்கும் உள்ள தூரம் அறுபத்தேழு ஆண்டுகள். முன்னது ஒருவரின் கருத்து. பின்னது ஒரு குழாய். இருக்கிறதா இல்லையா என்று போய்ப் பார்த்துவிடலாம்.

எங்கள் தோட்டத்துக்கு அக்குழாய் 1992-இல் வந்தது. நான் புகுமுக வகுப்பில் இருந்தேன். ஆலயத்தின் முன்தான் முதற்குழாய் திறக்கப்பட்டது. பூசாரி சூடம் காட்டினார். முதலில் காற்றுச் சீறி, பின் துருநீர் வந்து, அதன்பின் கண்ணாடிபோல் நீர் கொட்டியது. மனுவில் விரல் பதித்த பெண்களுள் ஒருவர் அதில் முகம் கழுவிக்கொண்டு அழுதார். பாட்டி ஒரு செம்பு பிடித்து வீட்டுக்குக் கொண்டுபோய், வழக்கம்போல் கொதிக்க வைத்தார்.

அந்தக் குழாய்நீரை நாங்கள் எத்தனை ஆண்டு குடித்தோம்? ஐந்தே ஆண்டுகள். இரப்பர் போய்ச் செம்பனை வந்தது; செம்பனையும் போய் வீடமைப்பு வந்தது. இது நம் தோட்டத்தின் கதை மட்டுமன்று. பெட்டாலிங் ஜெயா எப்பிங்காம் தோட்டத்தின்மேலும், சுபாங் ஜெயா சீபீல்டு தோட்டத்தின்மேலும் எழுந்தவை. தொண்ணூறுகளில் பெராங் பெசார் முதலிய தோட்டங்கள் இருந்த இடத்தில் புத்ராஜெயா எழுந்தது; அங்கே வாழ்ந்த குடும்பங்கள் டிங்கிலில் அடுக்குமாடி வீடுகளுக்குப் போயின. புத்ராஜெயாவில் இன்று காணும் ஏரி இயற்கையானதன்று. ஏறத்தாழ 400 ஹெக்டர் பரப்பில் மனிதர் வெட்டியது. அலுவல் நிமித்தம் அப்பாலத்தைக் கடக்கும்போதெல்லாம், அதே மண்ணில் யாரோ ஒரு தாய் குழாய் வாயில் துணி கட்டியிருப்பாள் என்ற நினைவு எனக்கு வரும்.

தோட்டம் கலைந்தது. ஆலயத்துக்கும் அதைச் சுற்றிய சிறு நிலத்துக்கும் பெரியவர்கள் போராடி இடம் பெற்றனர். கிணறு அந்நிலத்துக்குள் அடங்கியது தற்செயல்தான். மக்கள் சுற்றுவட்டாரத்து அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்தனர்.

இனி அந்த இளைஞரின் கேள்விக்கு வருகிறேன். 1998-இல், எல் நினோ வறட்சியால் கிள்ளான் கேட்ஸ், லங்காட், செமினி அணைகளின் நீர்மட்டம் இறங்கி, கிள்ளான் பள்ளத்தாக்கில் மாதக்கணக்கில் தண்ணீர்ப் பங்கீடு நடந்ததை நாற்பதைக் கடந்தோர் மறந்திருக்க மாட்டார்கள். லாரித் தண்ணீருக்கு மக்கள் வாளியும் பீப்பாயுமாக நின்றனர். தோட்டத்தில் வரிசையில் நின்று ஓய்ந்தவர்கள், ஐந்தாம் மாடி வீட்டுக்காகத் திரும்பவும் வரிசையில் நின்றனர். அப்போது நம் ஆலயக் கிணறு வற்றவில்லை. அன்றைய தலைவர் பின்வாசற் கதவைத் திறந்து வைத்தார். குளிக்கவும் துவைக்கவும் கழிப்பிடத்துக்கும் அக்கம்பக்கத்தார் எல்லாரும், மலாய்க்காரரும் சீனரும் உட்பட, இங்கே வந்து இறைத்தனர். இன்ன இனத்தார், இன்ன சாதியார் என்று அக்கிணற்றங்கரையில் யாரும் கேட்கவில்லை. ஒரு காலத்தில் கேட்ட கிணறுதான் அது. இணங்காத மூத்தோர் இருவரும் அவ்வாண்டு இராட்டினத்தின் அருகில் முறை வைத்து நின்றவர்கள்.

2014-இலும் பங்கீடு வந்தது. அதே ஆண்டில் பகாங்கிலிருந்து நீர் கொண்டுவர மலையைக் குடைந்த 44.6 கிலோமீட்டர் சுரங்கம் நிறைவுற்றது, பொறியியல் சாதனைதான். ஆனால் 2020 செப்டம்பரில் குறை அணையில் இல்லை. ரவாங் பக்கம் ஆற்றில் கலந்த கழிவால் சிலாங்கூர் ஆற்றின் நான்கு சுத்திகரிப்பு நிலையங்கள் நிறுத்தப்பட்டன. இலட்சக்கணக்கான வீடுகளில் குழாய் வறண்டது. நீர் இருந்தது, நல்ல நீர் இல்லை. நூறாண்டுக்கு முன் லயத்தில் இருந்த அதே நிலை, மின்தூக்கி வைத்த கட்டடத்தில். ஐக்கிய நாடுகள் சபை 2010 ஜூலையில் தூய குடிநீரை மனித உரிமை என ஏற்றதை அப்போது நண்பர் ஒருவர் நினைவூட்டினார். நான் பின்வாசற் சாவியைத் தேடிக்கொண்டிருந்தேன்.

கிணற்று நீரை அப்படியே குடிக்கலாம் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். பக்கத்தில் சாக்கடை ஓடுகிறது. கொதிக்க வைத்தாலும் நீங்காத கலப்புகள் இக்காலத்தில் உண்டு. அது புழக்கத்துக்கான நீர். கம்பி வலையின் நடுவே வாளி இறங்கும் அளவுக்கு ஒரு மூடி வைத்திருக்கிறார்கள். அதன் பூட்டுச் சாவி மடைப்பள்ளியில் ஆணியில் தொங்குகிறது. இராட்டினத்துக்கு எண்ணெய் இட்டாயிற்று. கயிறுதான் மிகப் பழையது. திருவிழாவுக்கு முன் புதுக் கயிறு வாங்கித் தர அன்பர் எவரேனும் முன்வந்தால், ஆலயச் செயலாளரிடம் தெரிவிக்கலாம். எழுபது அடி போதும்.